வாசகரைத் தேடிச் செல்லும் நூலகம்: லண்டன் புத்தக வண்டிகளின் வரலாறு

ஒரு பொது நூலகத்தின் தரத்தை அதன் கட்டடத்தையும் அதில் அடுக்கப்பட்டுள்ள நூல்களின் எண்ணிக்கையையும் கொண்டு மதிப்பிடும் பழக்கம் உலகெங்கும் உண்டு; அந்தக் கட்டடத்தின் படியேற முடியாதவர்கள் யார், அவர்களுக்காக நூலகம் என்ன செய்கிறது என்ற கேள்வியோ அரிதாகவே எழுகிறது. மூட்டுவலியால் தெருமுனையைத் தாண்ட இயலாத முதியவர், கைக்குழந்தையோடு இரண்டு பேருந்து மாறி வரவேண்டிய தாய், பார்வை மங்கியவர், நிலையான முகவரி இல்லாததால் உறுப்பினர் அட்டை பெற முடியாதவர் என இத்தகையோர் சிற்றூர்களில் மட்டுமல்லாமல், தெருவுக்குத் தெரு பேருந்தும் நிலத்தடி ரயிலும் ஓடும் லண்டன் போன்ற பெருநகரிலும் ஏராளமாக வாழ்கிறார்கள். இவர்களுக்காகப் புத்தகங்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு, குறித்த நாளில் குறித்த இடத்திற்குச் சென்று, இரவல் கொடுத்து, முன்பு கொடுத்தவற்றைத் திரும்பப் பெற்றுவரும் ஏற்பாடே நடமாடும் நூலகம். கட்டடம் எழுப்பப் பணமில்லாத இடத்தில் செய்யப்படும் தற்காலிக ஏற்பாடு என்றே இதைப் பலரும் கருதுகின்றனர். லண்டனில் புத்தக வண்டிகள் ஓடிய வரலாற்றைப் பார்த்தால் அந்தக் கருத்து எவ்வளவு குறையுடையது என்பது விளங்கும்.

லண்டன் தெருக்களில் புத்தகங்களைச் சுமந்து ஓடிய தொடக்ககால வண்டிகள் அரசுடையவையாக இருக்கவில்லை. அவை ஒரு வணிகருக்குச் சொந்தமானவை. சார்லஸ் எட்வர்ட் மூடி என்பவர் 1842இல் புளூம்ஸ்பரி பகுதியில் தொடங்கி, 1852இல் நியூ ஆக்ஸ்ஃபோர்டு தெருவிலிருந்த பெரிய கட்டடத்திற்கு மாற்றிய இரவல் நூலகம், விக்டோரியா அரசியின் காலத்து இங்கிலாந்தின் வாசிப்பையே ஆட்டிப்படைத்தது எனலாம். ஆண்டுக்கு ஒரு கினி, அதாவது 21 ஷில்லிங், செலுத்தியவர் ஒரு நேரத்தில் ஒரு பாகத்தை எடுத்துப் படிக்கலாம். புதிய நாவல்கள் மூன்று பாகங்களாக அச்சிடப்பட்டு ஒன்றரை கினி விலைக்கு விற்கப்பட்ட அந்நாளில், ஒரு நாவலின் விலையைவிடக் குறைந்த தொகைக்கு ஆண்டு முழுவதும் படிக்கக் கிடைத்தது நடுத்தர வகுப்பினருக்குப் பெரிய வரமாக இருந்தது. மூடியின் வண்டிகள் லண்டனில் சந்தாதாரர்களின் வீட்டு வாசலுக்கே புத்தகங்களைக் கொண்டு சென்றன. வெளியூர்களுக்கு ரயிலிலும், இந்தியா உள்ளிட்ட கடல்கடந்த நாடுகளுக்குக் கப்பலிலும் பெட்டிகள் போயின. சார்லஸ் டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்' 1859இல் வெளியானபோது மூடி ஒருவரே 500 படிகளை வாங்கினார் என்பதிலிருந்து அந்த நிறுவனத்தின் வீச்சை உணரலாம். ரயில் நிலையங்களில் கடைகள் வைத்திருந்த டபிள்யூ. எச். ஸ்மித் நிறுவனமும் 1860இல் இரவல் நூலகம் தொடங்கி ரயில் பாதைகள் வழியே புத்தகங்களை நாடெங்கும் சுழலவிட்டது. எந்த நாவல் நல்லது, எது குடும்பத்திற்கு ஆகாதது என்று மூடி தாமே முடிவு செய்ததால் எழுத்தாளர்கள் சிலர் கொதித்தெழுந்தனர். அதைக் காட்டிலும் பெரிய குறை, ஒரு கினி கொடுக்க முடியாத கூலித் தொழிலாளியின் தெருவுக்குள் அந்த வண்டி ஒருபோதும் திரும்பாது என்பதுதான். புத்தகம் வாசகரைத் தேடிச் செல்வது நடைமுறையில் இயலும் என்று 1937இல் மூடப்படும்வரை மூடி நூலகம் மெய்ப்பித்துக்கொண்டே இருந்தது. எந்த வாசகரைத் தேடிச் செல்வது என்பதைத் தீர்மானித்தது பணப்பை.

பணமில்லாதவருக்கான பொது நூலகம் சட்டத்தால் வந்தது. வந்த விதமோ மிகத் தயக்கமானது. 1850ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டம் 10,000 பேருக்கு மேல் வாழும் நகரங்கள் நூலகத்திற்காக வரி விதிக்கலாம் என்று இசைவளித்தது. சொத்து மதிப்பில் ஒரு பவுனுக்கு அரை பென்னி என்பதே உச்சவரம்பு, அதிலும் கட்டடத்திற்குச் செலவிடலாமே தவிரப் புத்தகம் வாங்கக் கூடாது. புத்தகம் வாங்க இடமளித்து வரம்பையும் ஒரு பென்னியாக உயர்த்தியது 1855இன் சட்டம். இசைவுதான் அளிக்கப்பட்டதேயன்றிக் கட்டாயம் இல்லாததால் லண்டனின் பல பகுதிகள் வரி கூடும் என்று அஞ்சிப் பல்லாண்டுகள் ஒதுங்கி நின்றன. இன்று கேம்டன் பகுதியில் அடங்கிய செயின்ட் பாங்க்ரஸ் இருபதாம் நூற்றாண்டு பிறந்த பின்னரே தன் முதல் பொது நூலகத்தைத் திறந்தது. அந்தப் பகுதியின் பெயர் பின்னால் மீண்டும் வரும்.

இடைப்பட்ட காலத்தில் தனிமனிதரின் அறக்கொடையும் தொழிலாளர் கழகங்களின் முயற்சியும் வண்டிகளை ஓட்டின. ஸ்காட்லாந்தின் கிழக்கு லோதியன் பகுதியில் சாமுவேல் பிரவுன் என்பவர் 1817 முதலே ஐம்பது ஐம்பது நூல்களாகப் பிரித்து ஊர் ஊராகச் சுழலவிட்டிருந்தார். லண்டனில் சரிகை வணிகத்தால் பெருஞ்செல்வரான ஜார்ஜ் மூர், தாம் பிறந்த கம்பர்லந்து வட்டாரத்தில் எட்டுச் சிற்றூர்களைச் சுற்றிவரும் நூலகம் ஒன்றை 1857இல் ஏற்படுத்தினார். அடுத்த ஓரிரு ஆண்டுகளில், வாரிங்டன் நகரில் உழைப்பாளர்களின் கல்விக்காக நடத்தப்பட்ட கைவினைஞர் கழகம், ஒற்றைக் குதிரை இழுக்கும் நூலக வண்டியை ஓட்டத் தொடங்கியது. அதன் படத்தை 1860இல் லண்டனின் படப் பத்திரிகை ஒன்று வெளியிட்டது. இங்கிலாந்து நகரத் தெருவில் ஓடிய முதல் பொது நூலக வண்டியாகப் பலரும் குறிப்பிடுவது இதையே. வேலைமுடிந்து களைத்து வருபவன் நூலகத்திற்கு நடந்து வரமாட்டான், ஆகவே நூலகம் அவன் தெருவுக்குப் போகட்டும் என்ற எளிய கணக்கு அதில் இருந்தது.

முதல் உலகப்போர்க் காலத்தில் இந்தக் கணக்கு நாடு தழுவிய திட்டமாயிற்று. எஃகுத் தொழிலதிபர் ஆண்ட்ரூ கார்னகி நிறுவிய அறக்கட்டளையின் வேண்டுகோளுக்கிணங்கப் பேராசிரியர் ஆடம்ஸ் 1915இல் அளித்த அறிக்கை, நகரவாசிகளுக்கு நூலகம் இருக்க நாட்டுப்புறத்தார் பெரும்பாலும் அது இன்றி வாழ்வதை எடுத்துக்காட்டியது. 1919இல் வந்த சட்டம் மாவட்ட நிருவாகங்களும் நூலகம் நடத்த வழிசெய்தது. தொடக்கத்தில் மாவட்ட நூலகம் என்பது மரப்பெட்டிகளின் போக்குவரத்தாகவே இருந்தது. சில பத்து நூல்கள் கொண்ட பெட்டி ஒன்று ஊர்ப் பள்ளிக்கு வரும்; தலைமையாசிரியர் மாலையில் திறந்து இரவல் கொடுப்பார்; சில மாதங்களில் பெட்டி அடுத்த ஊருக்குப் போய்விடும். இதில் ஒரு பெருங்குறை இருந்தது. பெட்டியில் என்ன வருகிறதோ அதைத்தான் படிக்க முடியும், அடுக்கின் முன் நின்று ஒன்றை எடுத்துப் புரட்டி, வேண்டாமென்று வைத்து, இன்னொன்றை எடுக்கும் உரிமை வாசகருக்கு இல்லை. வண்டிக்குள்ளேயே அடுக்குகளைப் பொருத்தி வாசகர் ஏறி நடந்து தேர்ந்துகொள்ளும்படி அமைத்தபோதுதான் அது உண்மையில் நூலகமாயிற்று. மான்செஸ்டர் மாநகராட்சி ஒரு பேருந்தை இவ்வாறு மாற்றியமைத்து 1931இல் ஓடவிட்டது.

இந்த மாற்றங்கள் நிகழ்ந்துகொண்டிருந்த காலத்தில்தான் சீர்காழியில் பிறந்த தமிழர் ஒருவர் லண்டனில் நூலகக் கலை பயின்றார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக 1924 ஜனவரியில் பொறுப்பேற்ற கணிதப் பேராசிரியர் சீ. இரா. அரங்கநாதன், அவ்வாண்டே லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் நூலகவியல் பள்ளிக்கு அனுப்பப்பட்டார். அங்கு அவருக்கு வழிகாட்டியாக வாய்த்தவர், லண்டனின் தென்பகுதியான குராய்டனின் தலைமை நூலகர் பெர்விக் சேயர்ஸ். சேயர்ஸின் அறிவுரைப்படி அரங்கநாதன் இங்கிலாந்து முழுவதும் ஏறத்தாழ நூறு நூலகங்களைச் சென்று பார்த்தார். தொழிற்பகுதிகளிலும் சிற்றூர்களிலும் நூலகம் எளிய மக்களிடம் எவ்வளவு தூரம் இறங்கிச் சென்றிருக்கிறது என்பதைக் கண்ணால் கண்டு, 1925இல் ஊர் திரும்பினார். அவர் லண்டனில் செல்ஃப்ரிட்ஜ் கடையில் கண்ட மெக்கானோ பொம்மைத் தொகுப்பிலிருந்து நூல்களை வகைப்படுத்தும் அவருடைய கோலன் பகுப்புமுறைக்கான எண்ணம் பிறந்த கதை நூலகர்கள் அனைவரும் அறிந்தது. நூல்களை எவ்வாறு வகைப்படுத்துவது என்பதைக் காட்டிலும் அவை யாருக்காக என்பதைப் பற்றி அவர் கொண்ட உறுதி பொதுமக்களுக்கு அதிக நெருக்கமானது. 1928இல் உருவான சென்னை நூலகச் சங்கத்தின் உந்துசக்தியாக இருந்த அவர், 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகள் பற்றிய நூலில், ஒவ்வொரு மனிதருக்கும் உரிய நூல் கிடைத்தாக வேண்டும் என்பதை ஒரு விதியாகவே வகுத்தார். நோயாளியும் சிறைக்கைதியும் உழவரும் கண்பார்வையற்றவரும் அந்த ஒவ்வொருவரில் அடங்குவர் என்று கொண்டால், கட்டடத்திற்குள் காத்திருக்கும் நூலகம் அந்த விதியை நிறைவேற்றவே முடியாது.

அந்த 1931ஆம் ஆண்டிலேயே, மான்செஸ்டரில் பேருந்து நூலகம் புறப்பட்ட அதே காலத்தில், மன்னார்குடிக்கு அருகிலுள்ள மேலவாசலில் கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் நூலகம் ஒன்றை அக்டோபர் மாதம் தொடங்கினார் என்பதைத் தமிழர்கள் இன்னும் பெருமையோடு நினைவுகூரவேண்டும். சுற்றுவட்டாரச் சிற்றூர்களுக்கு அந்த வண்டி நூல்களைக் கொண்டு சென்றது. படிக்கத் தெரிந்தவர் படித்துச் சொல்ல, தெரியாதவர் கேட்டுப் பயன்பெறுவது அன்றைய தமிழ்நாட்டில் பழகிய வழக்கமே. இதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே பரோடா மன்னர் மூன்றாம் சயாஜிராவ் அமெரிக்க நூலகர் போர்டனை வரவழைத்து, மரப்பெட்டிகளில் நூல்களை ஊர்களுக்கு அனுப்பும் முறையைத் தம் நாட்டில் நிறுவியிருந்தார். ஆகவே இங்கிலாந்து கற்றுக்கொடுத்து இந்தியா கற்றுக்கொண்டது என்று இந்த வரலாற்றைச் சுருக்கிவிட முடியாது. சாலையும் இயந்திரமும் உள்ள நாட்டில் மோட்டார் வண்டி, வண்டிப்பாதையும் காளையும் உள்ள நாட்டில் மாட்டுவண்டி. தேவை இரண்டு இடத்திலும் ஒன்றே.

லண்டன் மாநகரமே இந்தத் தேவையை முழுமையாக உணர்ந்தது இரண்டாம் உலகப்போரின்போது. 1940 செப்டம்பர் 7 அன்று ஜெர்மானிய விமானங்கள் லண்டன்மீது தொடர் குண்டுவீச்சைத் தொடங்கின. அந்த முதல் இரவிலேயே கிழக்கு லண்டனின் பெத்னல் கிரீன் நூலகம் குண்டுக்கு இரையாயிற்று. அவ்வாண்டு டிசம்பர் 29 இரவு புத்தகப் பதிப்பாளர்களின் உறைவிடமான பேட்டர்னாஸ்டர் வீதி எரிந்தபோது லட்சக்கணக்கான நூல்கள் ஒரே இரவில் சாம்பலாயின. வீடிழந்தவர்கள் ஒரு பகுதியிலிருந்து மற்றொரு பகுதிக்கு இடம்பெயர்ந்தனர். விளக்குகள் அணைக்கப்பட்ட தெருக்களில் இருட்டிய பின் நூலகத்திற்கு நடந்து செல்வது ஆபத்தானது. ஆனால் காப்பிடங்களில் நீண்ட இரவுகளைக் கழிக்க வேண்டியிருந்த மக்கள் முன்னெப்போதையும்விட அதிகமாகப் படிக்க விரும்பினர். நூலகம் தேவைப்பட்டது, நூலகத்திற்கு வரும் வழி அடைபட்டிருந்தது.

பெத்னல் கிரீன் நூலகர்கள் ஜார்ஜ் வேலும், கவிஞரான ஸ்டான்லி ஸ்னெய்த்தும் இதற்குக் கண்ட விடை வியக்கத்தக்கது. அங்கு நிலத்தடி ரயில் நிலையம் ஒன்று கட்டி முடிக்கப்படாமல், ரயில் ஓடாமல் கிடந்தது. ஆயிரக்கணக்கான மக்கள் இரவுதோறும் அதில் தஞ்சம் புகுந்தனர். மேலே குண்டுக்கு இரையான நூலகத்தின் பணியை அந்த நூலகர்கள் 1941இல் அந்தச் சுரங்கத்திற்குள் இறக்கி, தண்டவாளம் ஓடும் பகுதியின்மேல் சிறிய மரக் கட்டுமானம் அமைத்து, அடுக்குகள் நிறைய நூல்களோடு இரவல் கொடுத்தனர். அடுக்குப் படுக்கைகளில் படுத்தபடி குழந்தைகள் கதை படித்தனர். அதே நிலையத்தின் படிக்கட்டில் 1943 மார்ச் 3 அன்று நெரிசலில் 173 பேர் உயிரிழந்தனர் என்ற கொடுந்துயரத்தையும் சேர்த்தே அந்த நூலகத்தை நினைக்கவேண்டியிருக்கிறது. தாங்கொணா வாழ்வின் நடுவில்தான் அது இயங்கியது.

நகரின் வடபகுதியில், முன்பு குறிப்பிட்ட செயின்ட் பாங்க்ரஸ், வேறு வழியைத் தேர்ந்தது. நூலகம் திறப்பதில் லண்டனிலேயே பிந்திய பகுதிகளுள் ஒன்றாக இருந்ததால் அதற்குப் போதிய கிளைகள் இருக்கவில்லை. போர் நடக்கையில் புதிதாகக் கட்டவும் வழியில்லை. அந்த நிருவாகம் 1941இல் ஒரு வேனின் இருபுறமும் அடுக்குகள் அமைத்துத் தெருக்களுக்கு அனுப்பியது. அரசின் தகவல் அமைச்சகம் அந்த வண்டியைப் படமெடுத்துப் பரப்பியதால் அக்காட்சிகள் இன்றும் பாதுகாக்கப்பட்டுள்ளன: வேன் தெருவோரத்தில் நிற்க, வீட்டு வேலையை அப்படியே விட்டு வந்த பெண்கள் வரிசையாக நின்று நூல்களைப் புரட்டிப் பார்க்கிறார்கள். குண்டு விழும் நகரில் உணவையும் போர்வையையும் போலவே புத்தகத்தையும் மக்களிடம் கொண்டு சேர்க்கவேண்டும் என்று ஒரு நிருவாகம் முடிவெடுத்தது, லண்டன் நூலக வரலாற்றில் மிக உயர்ந்த தருணங்களுள் ஒன்று. கட்டடம் கட்டத் தயங்கிய அதே பகுதியிலிருந்து அது வந்தது என்பதையும் நினைவில் கொள்ளவேண்டும்.

போருக்குப் பின் மோட்டார் நூலகங்கள் பிரித்தானியா முழுவதும் பெருகின. இன்றும் நடைமுறையில் உள்ள 1964ஆம் ஆண்டின் பொது நூலகங்கள், அருங்காட்சியகங்கள் சட்டம் இதற்கு உறுதியான அடித்தளம் அமைத்தது. முந்தைய சட்டங்கள் இசைவு மட்டுமே அளித்த இடத்தில், இச்சட்டம் முழுமையானதும் திறமையானதுமான நூலகப் பணியை வழங்குவதை உள்ளாட்சிகளின் கடமையாக்கியது. தம் பகுதியில் வாழ்பவர், பணிபுரிபவர், முழுநேரமாகப் பயில்பவர் ஆகிய அனைவரையும் மனத்தில் கொண்டே அப்பணி அமையவேண்டும். 1965இல் லண்டன் 32 பரோக்களாகப் பிரிக்கப்பட்டபோது (பரோ என்பது தனக்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்ட கவுன்சில் கொண்ட மாநகரப் பிரிவு), தொன்மையான சிட்டி பகுதியையும் சேர்த்து 33 நூலக நிருவாகங்கள் உருவாயின. ஒவ்வொன்றும் தன் பணத்தைத் தானே பங்கிட்டுக்கொள்வதால், ஒரு தெருவின் இந்தப் பக்கம் புத்தக வண்டி வரலாம், அந்தப் பக்கம் வராமலும் போகலாம்.

நடமாடும் நூலகத்தின் அன்றாட இயக்கத்தை அறிந்தால்தான் அதன் அருமையும் செலவும் ஒருசேரப் புரியும். வண்டியினுள் இரண்டாயிரம் முதல் மூவாயிரம் நூல்கள் வரை அடுக்கப்படுவதுண்டு. நூல் ஒன்று சராசரியாக 400 கிராம் என்று கொண்டாலும் புத்தகம் மட்டுமே ஏறத்தாழ ஒரு டன் ஆகிவிடும். ஆகவே அடுக்குகள் நேர்செங்குத்தாக அமையாமல் பின்பக்கம் சற்றே சாய்ந்திருக்கும். வண்டி திடீரென்று நின்றாலும் நூல்கள் நடைவழியில் கொட்டாமல் இருப்பதற்கான ஏற்பாடு இது. அடுக்குகளுக்காகப் பக்கச் சன்னல்களைக் கைவிட நேர்வதால் கூரையில் ஒளிபுகு கண்ணாடி பொருத்துவதுண்டு. சக்கர நாற்காலியில் வருபவரை மேலேற்ற மின்தூக்கி வேண்டும். வண்டி இரண்டு அல்லது மூன்று வாரங்களுக்கு ஒருமுறை அதே கிழமையில் அதே மணிக்கு அதே இடத்தில் வந்து நிற்கும். சில இடங்களில் கால் மணி நேரம், முதியோர் குடியிருப்பிலோ பள்ளியிலோ கூடுதல் நேரம். வண்டி ஓட்டுபவரே பெரும்பாலும் நூலகராகவும் பணிபுரிவார். யாருக்குப் பெரிய எழுத்து நூல் வேண்டும், யார் துப்பறியும் கதையை முடித்துவிட்டார், எந்த மூதாட்டி இரண்டு முறையாக வரவில்லை என்பதெல்லாம் அவர் நினைவில் இருக்கும். வராத மூதாட்டியின் கதவைத் தட்டிப் பார்ப்பது அவருடைய பணிப் பட்டியலில் எழுதப்பட்டிருக்காது. இருந்தும் இத்தகைய வண்டிகளை நம்பி வாழ்ந்தவர்கள் அவற்றை இழந்தபோது முதலில் வருந்தியது அந்த மனிதரின் வருகை நின்றதற்காகத்தான்.

செலவு வேறு திசையிலிருந்து வருகிறது. 1997க்குப் பின் ஓட்டுநர் உரிமம் பெற்ற ஒருவர் 3.5 டன்னுக்கு மேற்பட்ட வண்டியை ஓட்டத் தனித்தேர்வு எழுத வேண்டும். ஆகவே ஓட்டத் தெரிந்த நூலகர் கிடைப்பது கடினமாகிவிட்டது. காற்று மாசைக் குறைப்பதற்காக 2008 முதல் லண்டனில் நடைமுறைக்கு வந்த குறைமாசு மண்டல விதிகள் பழைய டீசல் வண்டிகளைப் படிப்படியாகச் சாலையிலிருந்து அகற்றின. காற்று தூய்மையாக வேண்டியது மறுக்க முடியாத நன்மையே. ஆனாலும் பதினைந்து இருபது ஆண்டுகள் ஓடும் என்று எண்ணி வாங்கிய நூலக வண்டிக்கு மாற்றாகப் புதியது வாங்குவதா, பணியையே நிறுத்துவதா என்று ஒரு கவுன்சில் எண்ணும் நிலை வந்தால், நிறுத்துவதே எளிதாகத் தோன்றிவிடுகிறது.

2010க்குப் பின் பிரித்தானிய அரசு உள்ளாட்சிகளுக்கான நிதியைக் கடுமையாகக் குறைத்தபோது நூலகங்கள் முதற்பலியாயின. தமிழர் பெருமளவில் வாழும் வெம்பிளியை உள்ளடக்கிய பிரென்ட் பரோ, 2011இல் தன் 12 நூலகங்களில் ஆறை மூடியது. 1900இல் மார்க் டுவெய்ன் வந்து திறந்துவைத்த கென்சல் ரைஸ் வாசகசாலையும் அவற்றுள் ஒன்று. மக்கள் வழக்குத் தொடுத்தும் நீதிமன்றம் அந்த முடிவை மாற்றவில்லை. ஆனால் அதே ஆண்டு நவம்பரில் உயர்நீதிமன்றம் வேறொரு வழக்கில் அளித்த தீர்ப்பு நடமாடும் நூலகத்தைப் பற்றிக் கவலைப்படும் எவரும் அறியவேண்டியது. குளோஸ்டர்ஷர், சாமர்செட் மாவட்ட நிருவாகங்கள் நூலகங்களிலிருந்து நிதியை விலக்கவும், குளோஸ்டர்ஷரில் நூலக வண்டிகளை நிறுத்தவும் எடுத்த முடிவுகள், முதியோர், மாற்றுத்திறனாளிகள் போன்றோருக்கு நேரும் விளைவை முறையாக ஆராயாமல் எடுக்கப்பட்டவை என்பதால் சட்டத்திற்கு முரணானவை என்று நீதிபதி மெக்கென்னா தீர்ப்பளித்தார். ஒரு வண்டியை நிறுத்தக் கூடாது என்று அத்தீர்ப்பு சொல்லவில்லை. நிறுத்துவதற்கு முன், அதற்குள் ஏறுபவர்கள் யார் என்று கேட்டாகவேண்டும் என்று சொன்னது.

அந்தக் கேள்வியைக் கேளாத கணக்குமுறையே இன்றைய பெருங்கேடு. ஆண்டுச் செலவை இரவல் கொடுத்த நூல்களின் எண்ணிக்கையால் வகுத்து, ஓர் இரவலுக்கு எத்தனை பவுன் என்று கணக்கிட்டால், நகர மையத்துக் கட்டடம் எப்போதும் மலிவாகவும் வண்டி எப்போதும் விலையுயர்ந்ததாகவும் தெரியும். கட்டடத்திற்கு வருபவரில் பலர் வேறொரு கிளைக்கும் போகக்கூடியவர், கணினியில் மின்னூல் இறக்கக்கூடியவர். வண்டிக்கு வருபவர்க்கு அது நின்றால் எதுவும் இல்லை. மலையூருக்குப் பேருந்து விடுவதில் இழப்பு என்று கணக்கெழுதி அதை நிறுத்தினால் அங்குள்ளவர் நடந்தே போகவேண்டியிருக்கும். இழப்பு காணாமற்போவதில்லை, அரசின் ஏட்டிலிருந்து எளியவரின் காலுக்கு மாறுகிறது. நூலக வண்டிக்கும் இது முற்றிலும் பொருந்தும்.

அரசு பின்வாங்கிய இடங்களில் பிறர் செய்துவரும் பணிகள் போற்றுதற்குரியன. குவேக்கர்கள் எனப்படும் கிறித்தவச் சமயக் குழுவினர் 1999 முதல் லண்டனில் வீடற்றோருக்காக நடமாடும் நூலகம் ஒன்றை நடத்தி வந்துள்ளனர். பொது நூலகங்கள் பொதுவாக உறுப்பினர் அட்டைக்கு முகவரிச் சான்று கேட்கும்; தெருவில் உறங்குபவரிடம் அது எப்படி இருக்கும்? முகவரி கேளாமல், நம்பிக்கையின் பேரிலேயே இவ்வண்டி நூல் கொடுக்கிறது. திரும்பி வராத நூல்கள் இருக்கவே செய்யும்; அந்த இழப்பைத் தெரிந்தே ஏற்றுக்கொண்டு, எல்லாக் கதவுகளும் மூடப்பட்ட ஒருவரை வாசகராக மதிப்பதே அப்பணியின் உயிர். பார்வையற்றோருக்காக லண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட தேசிய நிறுவனம் 1935இல் தொடங்கிய பேசும் நூல்கள் திட்டம் மற்றொரு வகை. ஒரு பக்கம் 25 நிமிடம் அளவே ஓடும் இசைத்தட்டுகளில் நாவல்களைப் படித்துப் பதிந்து, ஒரு நாவலுக்குப் பத்துத் தட்டு என்ற அளவில் பெட்டியிலிட்டு அஞ்சலில் அனுப்பினர். போர்முனையில் கண்ணிழந்து திரும்பிய வீரர்களின் துயரமே அத்திட்டத்திற்கு வித்திட்டது. வண்டி அஞ்சல்காரருடையதாக இருந்தாலும் அதுவும் வாசகரைத் தேடிச் சென்ற நூலகமே.

இன்று லண்டன் பரோக்களில் பெரும்பாலானவை பெரிய வண்டிகளைக் கைவிட்டு, வீட்டிற்கே நூல் கொண்டுவரும் பணியை நடத்துகின்றன. நோயாலோ முதுமையாலோ பிறரைப் பேணும் பொறுப்பாலோ வெளியே வர முடியாதவர் பதிவுசெய்துகொண்டால், நூலக ஊழியரோ பயிற்சி பெற்ற தொண்டரோ அவருடைய விருப்பத்தைக் கேட்டறிந்து சில வாரங்களுக்கு ஒருமுறை நூல்களையும் ஒலிநூல்களையும் கொண்டுவந்து கொடுப்பார், இதற்குக் கட்டணமில்லை. அடுக்கின் முன் நின்று தானே தேர்ந்தெடுக்கும் இன்பம் இதில் இல்லை, தெருவில் அண்டை வீட்டாரைச் சந்திக்கும் வாய்ப்பும் இல்லை. மரப்பெட்டிக் காலத்துக் குறை மீண்டும் வந்திருக்கிறது. இருந்தாலும் எதுவுமே இல்லாமைக்கு இது எவ்வளவோ மேல்.

லண்டன் தமிழர்களுக்கு இதில் தனிக் கடமை உண்டு. 1983க்குப் பின் இலங்கையிலிருந்து வந்து ஈஸ்ட்ஹாம், வெம்பிளி, ஹாரோ, டூட்டிங், குராய்டன் பகுதிகளில் குடியேறியவர்களில் முதல் தலைமுறையினர் இன்று முதுமையை அடைந்துவிட்டனர். தாயகத்தில் நாள்தோறும் வாசிகசாலைக்குப் போய்ப் பழகிய அவர்களில் பலர், குளிர்காலத்தில் நான்கு சுவருக்குள் தொலைக்காட்சியோடு அடைபட்டுக் கிடக்கின்றனர். நியூஹாம், பிரென்ட், ஹாரோ போன்ற பரோக்களின் நூலகங்களில் தமிழ் நூல்கள் உள்ளன. எடுப்பார் இல்லையென்றால் புதிய நூல் வாங்கும் தொகை குறையும், நாளடைவில் அடுக்கே அகற்றப்படும். எத்தனை முறை இரவல் போயிற்று என்ற எண்ணே அங்கே பேசும். ஆகவே வீட்டில் அம்மாவோ அப்பாவோ அம்மம்மாவோ தாத்தாவோ வெளியே போக முடியாமல் இருந்தால், அவர்கள் வாழும் பகுதியின் கவுன்சில் நூலகத்தைத் தொலைபேசியில் அழைத்து 'ஹோம் லைப்ரரி சர்வீஸ்' வேண்டும் என்று கேளுங்கள். தமிழ் நூல்கள் வேண்டும், பெரிய எழுத்தில் இருந்தால் நல்லது என்றும் சொல்லுங்கள். நேரம் இருப்பவர்கள் அதே பணிக்குத் தொண்டராகப் பெயர் கொடுங்கள். தமிழ் படிக்கத் தெரிந்த தொண்டர் ஒருவர் ஒரு பரோவுக்குக் கிடைப்பது மிக அரிது.